செவுத்துக்கு ஒரு வக்காலத்து

வா சாமி. செருப்ப அக்கட்டால வெச்சுட்டு இந்தக் கட்டில்லயே உக்காரு. போன ஞாயித்துக்கெழமை நீ விரிச்சுக் காட்டிட்டுப் போன பிளான, எட்டு நாளா நானும் எடுத்து எடுத்துப் பாத்துட்டுத்தான் இருக்கறன். கண்ணாடி போட்டுப் பாத்தன், போடாமப் பாத்தன், தலகீழாத் திருப்பியும் பாத்தன். அடுப்படிக்கும் ஆசாரத்துக்கும் நடுவால இருக்க வேண்டிய செவுரு மட்டும் கண்ணுல படவே இல்ல. பிளான் போட்ட பொண்ணுக்குக் கை அசந்து ஒரு கோடு உட்டுப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சன். உன்ற அம்மாளுக்குப் போன் போட்டுக் கேட்டா, "அது ஓப்பன் கிச்சனுங்ப்பா, இப்ப எல்லாரும் அப்படித்தானுங் கட்றாங்க"ங்கறா.

ஊட்டக் கட்டிப் பாருன்னு பெரியவங்க சொன்னாங்க. செவுரக் கட்டாமப் பாருன்னு எவனும் சொல்லல. அதுக்காக இந்தக் கெழவனுக்கு ஓப்பன் கிச்சனப் பத்தி என்ன தெரியும்னு நெனச்சுக்காத கண்ணு. நான் பொறந்ததே அதுலதான்.

காங்கேயத்துக்குத் தெக்க, நம்ம தோட்டத்துல இருந்துச்சு அந்தச் சாளை. பதினெட்டடி நீளம், பத்தடி அகலம், மேல பனை ஓலை. கெழக்கு மூலைல அடுப்பு, மேக்க மூலைல தவசக் குதிரு, நடுவால நாங்க ஆறு உருப்படி. மழை பேஞ்சா ஏழாவதாக் கன்னுக்குட்டியும் உள்ள வந்துரும். என்ற அய்யன் அடுப்புக்கு நாலடி தள்ளிச் சாக்க விரிச்சு உக்காந்துதான் பருத்தி எடைக் கணக்கு எழுதுவாரு. ஒர்க் பிரம் ஹோமுன்னு நீங்க என்னமோ புதுசாக் கண்டுபுடிச்சாப்பல பேசறீங்க. என்ன ஒண்ணு, அன்னைக்கு எவனும் வந்து அதுக்கு ஓப்பன் பிளானுன்னு பேரு வெச்சு, சதுர அடிக்கு இத்தனைன்னு வாங்கிட்டுப் போகல. அய்யனோட கணக்கு நோட்டு ஒண்ணு இன்னும் பெட்டில கெடக்குது. போயி மோந்து பாரு. எழுத்து மங்கிப் போச்சு, பொகை வாசம் போகல.

1974-ல கடலைக்கா நல்லா வெளஞ்சுச்சு. அந்தக் காசுலதான் இந்த ஓட்டு ஊடு. எந்த அறை பெருசா வேணும், எது சிறுசா வேணும்னு மேஸ்திரி கேட்டாரு. அதெல்லாம் உன்ற இஷ்டம், அடுப்படிக்கு மட்டும் மேல வரைக்கும் செவுரு ஏத்திக் கதவு போட்ருன்னு சொன்னன். ஒம்பது அங்குலச் செங்கச் செவுரு. அது தலைக்கு மேல ஒசந்த அன்னைக்கு எனக்கு வந்த நிம்மதி, கல்யாணத்தன்னைக்குக் கூட வரல. பொகை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எங்க அய்யன் காலத்துலருந்து கண்ட கனவு சாமி அந்தச் செவுரு. அதைக் கட்டாம உடறதுக்கு நீ காசு குடுக்கறேங்கற. நடக்கட்டும்.

அந்தப் பிளான் போட்ட பொண்ணு நல்ல பொண்ணு, கொறை சொல்லப்படாது. பழைய ஊடு பாக்கோணும்னு இங்க வந்து, ஒரு சொம்பு மோரு குடிச்சுட்டு, செல்லுல படமெல்லாம் காட்டுச்சு. அமெரிக்காவுல பிராங்க் லாய்ட் ரைட்டுன்னு ஒரு பெரிய கட்டடக்காரராம். மேடிசன்ங்கற ஊர்ல, ஜேக்கப்ஸுன்னு ஒரு பத்திரிகைக்காரருக்கு, அவரு கூலியும் சேத்தி 5,500 டாலர்ல ஒரு ஊடு. 1937-ல முடிச்சுக் குடுத்தாராம். அதுல சமையக்கட்டத் தனியாத் தள்ளி வெக்காம, சாப்புடற எடத்தோடயும் நடு ஊட்டோடயும் ஒட்டி வெச்சுட்டாரு. அதுக்கு அவரு வெச்ச பேரு என்னன்னு கேட்டன். "ஒர்க் ஸ்பேஸுங் தாத்தா"ன்னுச்சு. வேலை செய்யற எடம். அடுப்படிய அடுப்படின்னு சொல்லாம, அங்க நடக்கறது வேலைதான்னு ஒரு ஆம்பள ஒத்துக்கிட்டானே, அதுக்கே அவருக்கு ஒரு கும்புடு போடலாம். உன்ற பிளான்ல ‘கிச்சன்’னு ஒரு எடத்துல எழுதி, அஞ்சடி தள்ளி லேப்டாப்பு மேசை போட்டு ‘ஒர்க் ஸ்பேஸ்’னு இன்னொரு எடத்துல எழுதியிருக்குது. அப்ப மொத எடத்துல நடக்கறது என்ன, பொழுதுபோக்கா?

அதுக்கும் முன்ன, 1926-ல, ஜெர்மனில பிராங்பர்ட் ஊருக்குன்னு ஒரு அடுப்படி வரைஞ்சாங்களாம். வரைஞ்சது மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கின்னு வியன்னாக்காரி ஒருத்தி. எனக்கு அந்தப் பேரு வாய்ல நொழையறதுக்கு மூணு நாளாச்சு. ஆறடி சொச்சத்துக்குப் பதினோரடி, அவ்வளவுதான் எடம். ரயில்ல சமைக்கற பெட்டி இருக்குதல்ல, அதப் பாத்து வரைஞ்சது. உப்பு எங்க, மாவு எங்க, ஒரு எட்டுக் கூட அனாவசியமா எடுத்து வெக்கப்படாதுன்னு அளந்து அளந்து பண்ணி, பத்தாயிரம் ஊட்டுக்கிட்ட வெச்சுக் கட்டிட்டாங்க. இன்னைக்கு நீங்க மாடுலர் கிச்சனுங்கறீங்களே, அதுக்கெல்லாம் ஆத்தா அவதானாம். எல்லாஞ் செரி, ரண்டாவது ஆளு உள்ள வந்தா மொழங்கை இடிக்கும். உதவிக்கு வரலாம்னு எந்த மகராசன் நெனச்சாலும் எடமில்ல. நெம்பச் சவுகரியமான அடுப்படி சாமி, ஆம்பளைகளுக்கு. அத வரையற வரைக்கும் நான் சமைச்சதே இல்லைன்னு அந்தம்மாளே பொறகு சொல்லியிருக்குது. 103-வது பொறந்த நாளுக்கு அஞ்சு நாள் இருக்கறப்ப, 2000-ல போய்ச் சேந்துச்சாம். அடுப்படிய வரையறதோட நிறுத்திக்கிட்டா ஆயுசு கெட்டின்னு உன்ற அம்மிச்சி சொல்றா.

சிரிச்சது போதும், சோலிக்கு வருவம். மேடிசன்ல ரொட்டியச் சுடுவாங்க, முட்டைய ஒடைப்பாங்க. நமக்கு வரமொளகாயும் கொத்துமல்லியும் சீரகமும் வறுத்துச் செலவு அரைக்காட்டிக் கொழம்பு எறங்காது. மொளகா ஒண்ணு கருகுனாப் போதும், ரோட்டுல போறவன் வண்டிய நிறுத்தித் தும்முவான். செவுரு இருந்தா அந்த நெடி உள்ள நிக்கறவளோட போகும். செவுரு இல்லீன்னா மேசைல உக்காந்திருக்கறவங்க தொண்டைக்கும் பங்கு உண்டு. மீட்டிங்ல இருக்கற வெளியூர்க்காரங்களுக்கு வாசம் போகாது, இருமல் போகும்.

சிம்னி போட்டுக்கலாமுங் அப்பிச்சின்னு வாயத் தொறக்கற. போடு. கணக்குப் பண்ணிப் போடு. எட்டுக்குப் பத்து அடுப்படி, பத்தடி ஒசரம்னா உள்ள இருக்கற காத்து 800 கன அடி. உன்ற ஓப்பன் ஊடு 28-க்கு 14. அதே ஒசரத்துக்கு 3,920. ஏறக்கொறைய அஞ்சு பங்கு. மணிக்குப் பத்துத் தடவையாச்சும் காத்து மாறோணும்ங்கறது சிம்னி விக்கறவங்களே சொல்ற கணக்கு. அந்தச் சின்ன அடுப்படிக்கு மணிக்கு 230 கன மீட்டர் இழுத்தாப் போதும். உனக்கு 1,100-க்கு மேல வேணும். பொகைக் கொழாய் வெளிச் செவுத்த ஓட்ட போட்டு வெளிய போகோணும். கொழாயே இல்லாத சிம்னின்னு ஒண்ணு இருக்குது. இழுத்த காத்தக் கரித்தூள்ல வடிகட்டி மறுக்கா ஊட்டுக்குள்ளயே உட்ருது. நம்மூர் அரசியல்வாதி கட்சி மாறுனாப்பல. சுத்தமாயிட்டன்னு சொல்லிட்டு அதே ஊட்டுக்குள்ளதான் சுத்திட்டு இருப்பான்.

அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரே ஒரு கேள்வி கேட்டன், அதுக்கு மட்டும் பதில் வரல. மேசைக்கு மேல பேன் எங்க வருது? பேன் ஓடுனா அடுப்புத் தீ ஒரு பக்கமாச் சாயும். மேல ஏறிச் சிம்னிக்குள்ள போக வேண்டிய பொகைய இந்தக் காத்து தட்டி உட்டுரும். எண்ணப் பிசுக்கு புஸ்தகத்து மேல, லேப்டாப்பு மேல, திரைச்சீலை மேலன்னு போயி ஒக்காந்துக்கும். பேன நிறுத்துனா, நீ ஊடு கட்டற கோயமுத்தூரு முந்தி மாதிரி குளுந்த காத்து அடிக்கற ஊராவா இருக்குது? சித்திரைல அடுப்புக்கு அஞ்சடில உக்காந்து பாரு. வடகம் காயப் போட மொட்டை மாடிக்குப் போக வேண்டாம்.

இது வெளையாட்டுப் பேச்சு இல்ல, இத மட்டும் காது குடுத்துக் கேளு. சிலிண்டர் கேஸு காத்தவிடக் கனம். கசிஞ்சா மேல ஏறிப் போகாது, தரையோட தரையா ஊந்து போயி கீழயே தேங்கி நிக்கும். நீ என்ன பண்ணியிருக்கற, மேசைக்கடில தரையொட்டி ஆறு ஓட்டை பிளக் பாக்ஸு போட்டிருக்கற. சிலிண்டர வெளிய கம்பிக் கூண்டுக்குள்ள வெச்சுக் கொழாய் இழுத்துக்க. அடுப்படிச் செவுத்துல தரைக்கு மேல ஒரு சாண்ல காத்து போற ஓட்டை ஒண்ணு உடு. பிளக்க மேசைக்கு மேல ஏத்து. ராத்திரி ரெகுலேட்டர மூடறது யாரு சோலின்னு இப்பவே பேசி வெச்சுக்க.

சத்தம். குக்கர் விசில் அடிக்கறத நாம எண்ணிப் பழகுனவங்க, நமக்கு அது கெடிகாரம். கம்பியூட்டருக்குள்ள உக்காந்திருக்கற அந்த அமெரிக்காக்காரனுக்கு அது ரயிலு. மிக்சி போட்டா மேசைல இருக்கறவங்க கத்தோணும். கத்துனா மிக்சி போடறவங்க "என்ன?"ம்பாங்க. மிக்சிய நிறுத்தி, "உன்னையல்ல"ன்னு சொல்லி, மறுக்கா மிக்சி. இது ஒரு நாளைக்கு நாலு தடவை. அப்பறம் அந்த மைக்ரோவேவு. அது வேலை செய்யறதும் உன்ற வைபையோட பழைய அலைவரிசையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கந்தானாம். சோத்தச் சூடு பண்ண வெச்சா மீட்டிங்ல இருக்கறவன் மூஞ்சி அப்படியே ஒறஞ்சு நின்னுரும். எங்க சாளைல இந்தத் தொந்தரவு இல்ல. அடுப்பு எரிஞ்சாலும் அய்யன் கணக்கு நிக்காது. வைபைப் பெட்டிய அடுப்படிப் பக்கத்துலருந்து தள்ளி வெய்யி, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திக்க. உனக்குத் தெரியாததில்ல. தெரிஞ்சவங்கதான் மறந்து போறீங்க.

ஒரே கிரானைட்டுப் பலகைய அடுப்புலருந்து இழுத்துட்டு வந்து லேப்டாப்பு மேசையாவும் ஆக்கிப்போடலாம்னு படத்துல பாத்தன். பாக்க நெம்ப லட்சணம். நின்னு காய் அரியற மேடை 34 அங்குலம். உக்காந்து எழுதற மேசை 29, 30. நாலஞ்சு அங்குல வித்தியாசத்த யாரு தாங்கறது? மேடைய எறக்குனா சமைக்கறவங்க இடுப்பு போகும். மேசைய ஏத்துனா எழுதறவங்க தோளு போகும். ரண்டும் ஒரே ஆளா இருந்துட்டா ரண்டும் போகும்.

ஆமா, ரண்டும் ஒரே ஆளா இருந்துட்டா.

இவ்வளவு நேரம் நான் பொகை, நெடி, சத்தம், சூடுன்னு அடுக்கிட்டே போறன், நீ வெத்தலை போட்ட மாப்பிள்ளையாட்டச் சிரிச்ச மொகமா உக்காந்து கேட்டுட்டு இருக்கற. எதுக்குன்னு எனக்குத் தெரியும் சாமி. பிளான்ல ரண்டாவது தாளும் இருக்குது. மாடி. வடமேக்கு மூலைல பன்னண்டுக்குப் பத்து ஒரு ரூமு. நாலு பக்கமும் செவுரு. கெட்டியாக் கதவு. சத்தம் உள்ள வராத ரட்டைக் கண்ணாடி ஜன்னலு, ஏசி, தனி யூபிஎஸ். ‘ஆபீஸ்’னு எழுதியிருக்குது. யாருக்குன்னு அன்னைக்கே கேட்டன். "எனக்குங் அப்பிச்சி, எனக்குக் கிளையண்ட் கால் சாஸ்திங்"ன்ன. அப்ப அடுப்புக்கு அஞ்சடில இருக்கற மேசை? "அது அவளுக்குங். பாலப் பாத்துட்டே வேலையும் பாத்துக்கலாம், அவளுக்குத்தானுங் சவுகரியம்"ன்ன.

உன்ற ஊட்டுக்கார அம்மிணியும் கம்பியூட்டர் வேலைதான பாக்குது? உன்னையவிட எட்டாயிரம் சாஸ்தி வாங்குதுன்னு மாரியம்மன் நோம்பிக்கு வந்தப்ப உன்ற அம்மாதான் சொன்னா, ஒறம்பரை எல்லாத்துக்கும் கேக்கறாப்பல. அந்த எட்டாயிரம் சாஸ்தி வாங்கற வேலைக்குப் பால் சட்டிக்குக் காவலும் சேத்துப் போட்டுட்ட. உனக்குக் கதவு, அவளுக்கு ஓப்பன். ஊடு முழுக்கத் தொறந்து கெடக்குதுன்னு நெனச்சன், பாதிதான் தொறந்திருக்குது.

மொகத்தத் தொங்கப் போடாத. இதுல நான் உனக்கு மூத்தவன். கதவு போட்டவனே நான்தான். அம்பது வருசம் இந்தத் திண்ணைல உக்காந்து "ஏ புள்ள, காப்பி"ன்னு சொல்லுவன். செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து டம்ளர் வரும். செவுரே காப்பி போடற மாதிரிதான் நெனப்பு. போன ஆடில உன்ற அம்மிச்சி முட்டி ஆபரேசன் பண்ணிட்டு மூணு மாசம் கட்டில்ல கெடந்தா பாரு, அப்பத்தான் நான் மொதல் தடவையா அந்தப் பக்கம் போயி சேந்தாப்பல ஒரு மணி நேரம் நின்னன். ரசம் வெக்கறதுக்கு. கண்ணெல்லாம் எரியுது. ஜன்னல் எங்கன்னு தேடுனா ஒரு சாணுக்கு ஒரு சாண். அடுப்படிக்கு இவ்வளவு சின்ன ஜன்னல எந்தக் கூறுகெட்டவன் வெச்சான்னு வாய்விட்டே கேட்டுட்டன். கட்டில்லருந்து அவ சொல்றா, "பெரிய ஜன்னலுக்குக் கம்பிக் காசு தண்டம்னு மேஸ்திரிகிட்டச் சண்ட போட்ட ஆளுதான்."

அடுத்த நாளே காங்கேயம் போயி எக்ஸாஸ்ட் பேன் வாங்கி மாட்டுனன். அவ எந்திரிச்சு வந்து அதப் பாத்துட்டு ஒண்ணுஞ் சொல்லல. சுவிச்சப் போட்டா, நிறுத்துனா, மறுக்காப் போட்டா. அவ்வளவுதான். திட்டியிருந்தாக் கூடத் தேவலாம்.

அதனால உன்ற பிளானுக்கு நான் ஒண்ணும் எதிரி இல்ல. தொறந்து வெக்கறதுலயும் ஒரு நல்லது இருக்குது. யாரு எத்தன தடவ எந்திரிக்கறாங்கன்னு எல்லாரும் பாக்கலாம். எந்திரிக்காதவன் லேப்டாப்புக்குப் பின்னாடி ஒளியறதுந் தெரியும். உனக்கு அது வேண்டாம்னா செவுரக் கட்டிப் போட்ரு, நான் கட்டுன மாதிரி. உடம்புக்குச் சொகம். இல்லீன்னா நடுவால ஒரு கண்ணாடி இழுவைக் கதவு போட்டுக்க. தாளிக்கறப்பச் சாத்தலாம், மத்த நேரம் தொறந்து கெடக்கட்டும். அந்த பிராங்பர்ட் அடுப்படிக்கே இழுவைக் கதவு இருந்துச்சாம்.

நேத்து ராத்திரி உன்ற அம்மிச்சிகிட்டப் பிளானக் காட்டி, செவுரு வேணுமா வேண்டாமான்னு ரோசனை கேட்டன். அவ செவுரையே பாக்கல. மேசை மேல வெரல வெச்சு, "இதுல யாரு உக்கார்றது?"ன்னா. சொன்னன். மாடி ரூமக் காட்டி, "இதுல?"ன்னா. அதையுஞ் சொன்னன். எந்திரிச்சுப் போயி, பால் கணக்கு எழுதற பென்சில எடுத்துட்டு வந்து என்ற கைல குடுத்துட்டுப் படுக்கப் போயிட்டா.

மாடி ரூமுல ‘அம்மிணி’ன்னு எழுதிட்டன். அடுப்புக்கு அஞ்சடில இருக்கற மேசைல உன்ற பேரு. கொஞ்சம் கோணலா இருக்கும், கை நடுங்குது. காலைல பிளான் போட்ட பொண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னன். சித்தெ நேரம் சத்தத்தையே காணம். அப்பறம் சிரிச்சுட்டு, அவங்களுக்குக் கொழாய் வெச்ச சிம்னியே போட்டுக் குடுத்தர்றனுங் தாத்தான்னுச்சு. பேன எங்க மாட்டறதுன்னு இப்ப யோசிக்குதாம்.

தாளு கட்டிலுக்கடில சுருட்டி வெச்சிருக்குது, போறப்ப எடுத்துட்டுப் போ. அழிக்கற ரப்பரு என்ற ஊட்டுல இல்ல.